பால்கனியில் ஏழாம் அத்தியாயம்

மே 30, மாலை ஐந்து மணி. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பதினோரு நாளாகியிருந்தது. 'புரூஃப் சார்' கட்டிலில் சாய்ந்திருந்தார். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் விடவில்லை.

பார்க்க வந்த தங்கை, கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினாள்.

"இப்ப இதைத்தாண்ணா படிக்கிறேன். யாரையும் குறை சொல்லாம வாழுறது எப்படின்னு. பாதி முடிச்சிட்டேன். மனசே லேசாயிடுச்சு."

"எங்க வீட்டுல கொலைக் கதை ஓடுது. லைப்ரரில எடுத்துட்டு வந்து உங்கண்ணி தினம் ஒரு அத்தியாயம் வாசிச்சுக் காட்டுறா. எனக்குத் தோட்டக்காரன் மேலதான் சந்தேகம்."

"சமையல்காரிதான்," என்றாள் அண்ணி. "தோட்டக்காரன் பாவம், பூனையைக் கண்டாலே ஓடுறவன்."

"நடிக்கிறான்."

"உங்களுக்கு ஆளைப் பார்த்து எடை போடவே தெரியாது."

சொல்லிவிட்டு அண்ணி புத்தகத்தோடு எழுந்தாள். கூடத்தைத் தாண்டிப் போய் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, அங்கிருந்தே வாசிக்க ஆரம்பித்தாள். முணுமுணுப்புதான் கேட்டது.

"காதுல விழல," என்றார் புரூஃப் சார்.

"விழாது. இங்க காத்து நல்லா வருது."

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பால்கனிக்குப் போனாள்.

"அண்ணி, இது உங்களுக்கே நல்லா இருக்கா? எழுந்திருக்க முடியாத மனுஷன். பக்கத்துல உக்காந்து படிச்சா என்ன குறைஞ்சா போயிடும்?"

உள்ளே வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறு வாரத்துல நல்லா நடந்து பழகலைன்னா கால் விறைச்சுடும், ஆயுசுக்கும் வாக்கர்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறம்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல்ல கட்டிலோரம் நாற்காலி, அப்புறம் கதவோரம், இன்னைக்கு பால்கனி. கொலைகாரன் யாருன்னு மொட்டை மாடியிலதான் சொல்லப்போறேன்."

தங்கை இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

புரூஃப் சார் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அண்ணி அவரை உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

"அண்ணி பெரிய ஆளுதான்," என்றாள் தங்கை. "கொலைகாரனைக் காட்டியே உன்னை நடக்க வச்சிட்டாங்க."

அவர் உள்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"குடும்ப டாக்டர்தான் கொலைகாரன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்தப் புத்தகத்துக்குப் பிழை திருத்தினதே நான்தான். மூணு தடவை படிச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு வலியோட எழுந்து வர்றே?"

"சமையல்காரியைக் கையும் களவுமா பிடிச்சிட்டோம்னு ஒரு முகம் வச்சுக்கிட்டு வாசிப்பா. கட்டில்லேருந்து பார்த்தா அது தெரியல. நீ உளறிக் கொட்டிடாதே."

அண்ணி தண்ணீரோடு வந்தாள். "என்ன ரகசியம்?"

"தோட்டக்காரன்தான்னு இவளும் சொல்றா," என்றார் புரூஃப் சார்.

ஜூன் 28 மாலை, அவர் வாக்கர் இல்லாமல் படியேறி மொட்டை மாடிக்குப் போனார். கொலைகாரன் குடும்ப டாக்டர் என்று தெரிந்ததும் பெரிதும் அதிர்ச்சியடைந்தார்.