வாய் திறக்காத பெடல்

வாத்தியக் கடையில் ஓர் ஓவர்டிரைவ் பெடல் இருந்தது. காலால் மிதித்தால் கிட்டாரின் குரலைக் கரகரப்பாக்கும் சின்னப் பெட்டி. யாரோ ஒருத்தர் வீட்டிலேயே செய்தது, அதனால் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு தடவையாவது வாய்விட்டுக் கத்த வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

ஒருநாள் ஸ்டான்லி வந்து அதைக் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்போடு இணைத்தார். மிதிக்க மறந்துவிட்டார். பெடலின் குமிழை லேசாகத் திருப்பிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை வாசித்தார்.

“ஆகா, என்ன உருக்கம்! பெரிய கம்பெனியெல்லாம் பிச்சை வாங்கணும்.”

“இப்ப திருப்பினதும் இன்னும் இதமா இருக்குடா” என்றார் கூட வந்த ஜெரோம்.

பெடல் பதறிப்போய் ஆம்ப்பிடம் கேட்டது. “அண்ணே, நான் இன்னும் வாயே திறக்கலையே?”

“தெரியும். அது என் குரல். பேசாம இரு, உன்னை வாங்கப் போறான்.”

வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான் பெடலில் இருந்த சின்ன விளக்கு எரியாததைக் கவனித்து மிதித்தார். பெடல் அடிவயிற்றிலிருந்து கத்தியது.

ஸ்டான்லி காதைப் பொத்திக்கொண்டு உடனே அணைத்தார். “சும்மா இருக்கும்போதுதான் இது சுகம்” என்றார்.

அன்றிலிருந்து அது இல்லாமல் அவர் மேடை ஏறுவதில்லை. அதன்மேல் கால் வைப்பதுமில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம், “எல்லாம் இந்தப் பெட்டி செய்ற வேலை” என்பார்.

பக்கத்தில் புதிதாக வந்து சேர்ந்த பெடல் ஒருநாள் கேட்டது. “உங்க குரல் எப்படி இருக்கும்ணே?”

பழைய பெடல் சொன்னது.

“நல்லா இருக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”