சட்டைப்பையில் ஃபியூஸ் கட்டை

வேதாரண்யம் பக்கம் படகுகளுக்கு வயரிங் பார்க்கிறவர்கள் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வயரைத் தொடுவார்கள். வயரிங் பார்த்த சாமிதுரை ஷாக்கடித்துச் செத்தபிறகு வந்த பழக்கம் அது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வேலை பார்க்கிற மனுஷன், அன்றைக்குக் கட்டையைப் பலகைமேல் வைத்திருந்தார். யாரோ தெரியாமல் எடுத்து மாட்டிவிட்டார்கள்.

அவர் செத்த அதே படகில்தான் இன்று செழியனுக்கு வேலை. உப்பு அரித்த வயரை வெறுங்கையால் முறுக்கிக்கொண்டிருந்தபோதுதான், மேலே ஜெனரேட்டர் ஓடுவது காதில் விழுந்தது. கட்டையைக் கழற்றவே மறந்திருந்தான். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"செழியா, கட்டையக் கழட்டிட்டுத்தானப்பா கை வச்ச?" மேலேயிருந்து படகுக்காரர் செல்லத்துரை கத்தினார்.

எழுந்துபோய் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். கட்டை இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"கழட்டியாச்சுண்ணே," என்றான்.

அப்போதுதான் சட்டைப்பை கனப்பது தெரிந்தது. கைவிட்டு எடுத்தான். வெற்றிலையைத் தொட்டே அறியாதவன் அவன். கறுப்புக் கட்டையின்மேல், ஒரு பெருவிரல் பதிந்த இடத்தில், சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது.