பாதி பயோடேட்டா

வேலை தேடும் முதியவர்களுக்காக டுலூத் நூலகத்தில் சம்பளமில்லாமல் உதவிவந்த மார்லிஸ், வெண்டலின் பயோடேட்டாவில் பாதியை அடித்தாள்.

"இருபது வருஷ அனுபவம் போதும். நாற்பதையும் எழுதினா வயசைக் கணக்குப் போட்டு ஓரங்கட்டிடுவாங்க. ஆமா, எந்தக் கடைக்கு?"

"ஏரிக்கரை ஹார்டுவேர் கடை."

இரண்டு நாள் கழித்து வெண்டல் அந்தக் கடைக்குப் போனார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஊர் பூராப் பழைய வீடு. அந்தக் காலத்துக் குழாய் தெரிஞ்ச ஆள் வேணும் சார். குழாய் வேலையில உங்களுக்கு இருபது வருஷம்தானே?"

"நாற்பதுங்க! வேணும்னேதான் குறைச்சேன்."

"அடடா! நேத்து ஒரு எழுபது வயசம்மா, குழாய்க் கடையில இருந்த நாற்பத்தஞ்சு வருஷத்தையும் விடாம எழுதிட்டு வந்தாங்க. எடுத்துட்டோம்."

வெண்டல் கடுப்போடு நூலகத்துக்கு வந்தார். மார்லிஸின் நாற்காலி காலியாக இருந்தது.

"அவங்க இனி வரமாட்டாங்க," என்றார் நூலகர். "ஹார்டுவேர் கடையில வேலை கிடைச்சிருச்சு."