லைப்ரரியில் கைவைத்தவர்

நாளை வெளியாக வேண்டிய லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பில், எந்த புரோகிராமைத் திறந்தாலும் உடனே மூடிக்கொண்டது. ஸ்ரீரங்கம் அலுவலகத்தில் மூன்று நாளாக மேனேஜர் பீமராவின் கத்தல்தான்.

செவ்வாய் மதியம் மூன்றரைக்கு புரோகிராமர் தேவதர்ஷினி காரணத்தைப் பிடித்துவிட்டாள்.

“சார், நாம எழுதினதுல தப்பில்ல. யாரோ ஒரு ஃபைலை மாத்தியிருக்காங்க.”

“எந்த முட்டாள் அது? யாரா இருந்தாலும் சரி, இன்னைக்கே வேலையை விட்டுக் கிளம்பணும்!”

“எல்லா புரோகிராமுக்கும் பொதுவான லைப்ரரி ஃபைல் சார். புதுசைத் தூக்கிட்டு, போன வருஷத்து ஃபைலைப் போட்டிருக்காங்க. இதோ, இதை அழிச்சிட்டுப் புதுசைப் போட்டுடறேன்.”

“ஐயையோ, கையை எடும்மா!” பீமராவ் பாய்ந்து வந்தார். “அது ராசியான ஃபைல். போன வருஷம் அதை வெச்சுத்தான் ஒரு குறையும் இல்லாம வெளியிட்டோம். பென்டிரைவை சமயபுரத்தம்மன் பாதத்துல வெச்சு வாங்கிட்டு வந்து, நல்ல நேரம் பார்த்துப் போட்டிருக்கேன். ராகுகாலத்துல போய் அழிக்கலாமா? நாலரைக்கு மேல பண்ணிக்கலாம்.”

தேவதர்ஷினி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“சரிங்க சார். அப்ப வேலையை விட்டுப் போறவரும் நாலரைக்கு மேலதான் கிளம்பணுமா?”