நின்றுவிட்ட வரி

“நடக்கவே நடக்காத நிபந்தனையா கொடுன்னுதானே சொன்னேன்? இங்க பாரு, நிரலை நிறுத்த நீ வெச்ச பிரேக்பாயிண்ட்ல நின்னுடுச்சே!”

“அப்படித்தான்க்கா கொடுத்தேன். இந்த அட்டை எண் வந்தா மட்டும் நிக்கணும்னு. அது எங்க அண்ணனோடது.”

மூத்த நிரலாளர் திரையில் இருந்த எண்ணை மறுபடி படித்தார். அட்டையைக் காட்டினால் அலுவலக வாசல் கதவைத் திறக்கும் நிரலைத்தான் இருவரும் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயே வேலை பார்த்த அண்ணன் போன வருடம் இறந்தான். அட்டையைச் சட்டைப்பையில் வைத்தே அவனை எரித்தார்கள்.

நிரல் அந்த வரியிலேயே நின்றது. மேலே ஓடினால்தான் கதவு திறக்கும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரும் இல்லை. ஆனால் கண்ணாடியில், ஓர் ஆள் மூச்சு விடும் உயரத்தில், ஆவி படிவதும் மறைவதுமாக இருந்தது.

தங்கை எழுந்து நின்றாள்.

“ஓட விடுங்கக்கா. காக்க வெச்சா அண்ணனுக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்.”