பழைய மெத்தைக்குப் புது மெத்தை

“இதுல யாருங்க படுத்திருந்தாங்க?”

பானுமதிக்குச் சுருக்கென்றது. ஒரு மெத்தைக் கடைக்காரர் கேட்கிற கேள்வியா இது?

ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் வெள்ளைச்சாமியின் கடை. பழைய இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துக்கொண்டு, விலையில் கழித்துப் புது மெத்தை தருவார் என்று கேள்விப்பட்டு, ஆட்டோவில் சுருட்டிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. மனுஷன் எடுத்த எடுப்பில் விசாரணையில் இறங்கிவிட்டார்.

“விருந்தாளி வந்தா போடுறதுங்க” என்றாள்.

“தைலம் வாசம் அடிக்குது, அதான் கேட்டேன். இந்தப் பஞ்சை அடிச்சு இன்னொரு வீட்டுக்குத் தைச்சுக் கொடுக்கணும். சாவு விழுந்த மெத்தைன்னா நான் தொட மாட்டேன்.”

“நல்லா இருக்குங்க உங்க வியாபாரம்!”

மெத்தை மறுபடி ஆட்டோவில் ஏறியது.

உண்மையில், அவள் மாமனார் காத்தமுத்து உயிரை விட்டது அதில்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் இரும்புச் சத்தத்தில் காது போனவர். கடைசி நாட்களில், புது பேட்டரி போட்ட கையோடு காது மெஷினையும் தொலைத்துவிட்டார். “இதுக்குள்ளதாம்மா போச்சு” என்று மெத்தையைத் தட்டிக்கொண்டே இருந்தார். புத்தி தடுமாறிப் பேசுகிறார் என்று அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

செத்தவர் படுக்கையை ஆற்றங்கரையில் கொண்டுபோய்ப் போடுவதுதான் வழக்கம். நல்ல பஞ்சாயிற்றே, மனசு வரவில்லை. வீட்டிலும் வைத்துக்கொள்ள முடியாது. மகள் கனிஷ்கா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை அதில் படுக்க வைக்கலாமா?

ஆட்டோ தில்லைநகர் போனது. அங்கே புதிதாகத் திறந்த ஏசி கடை.

“வாங்கக்கா! முதல்ல உக்காருங்க. பாதாம் பால் சாப்பிடுங்க” என்று ஓடி வந்தான் முதலாளி சித்தார்த்தன்.

“இந்தப் பழசை...”

“எதுவா இருந்தாலும் எடுத்துக்குவோம். ஒரு கேள்வி கேக்க மாட்டோம். போடியிலேருந்து புதுப் பஞ்சு வந்திருக்கு. நாளைக்குக் காலைல மெத்தை உங்க வீட்டுல இருக்கும்.”

“பழசை என்ன பண்ணுவீங்க?”

“அது எங்க கவலைக்கா.”

யார் வீட்டுக்கோ போய்த் தொலையட்டும் என்று பானுமதி நிம்மதியாகப் பால் குடித்தாள்.

சொன்னபடி மறுநாள் காலை மெத்தை வந்தது. ரோஜாப்பூ போட்ட பளபள உறை. பானுமதி போனை எடுத்து சித்தார்த்தன் கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டாள். சும்மா இருக்காமல் வெள்ளைச்சாமி கடையையும் தேடிப்பிடித்து, ‘வாடிக்கையாளரிடம் பேசத் தெரியாதவர்’ என்று எழுதி ஒரே ஒரு ஸ்டார் வைத்தாள்.

கனிஷ்கா அன்று மத்தியானமே வந்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனாள். கரன்ட் போய் ஃபேன் நின்றது.

“அம்மா, இங்க வாயேன்.”

கனிஷ்கா வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“தலை வச்சா உள்ளேருந்து யாரோ விசில் அடிக்கிறாங்கம்மா. எந்திரிச்சா நின்னுடுது.”

“உளறாதடி. புது மெத்தை.”

பானுமதி தானே தலை வைத்துப் பார்த்தாள்.

கீ...

மெல்லிசாக, நீளமாக, காதுக்கு நேர் கீழே. கூடவே அந்தத் தைலம் வாசம். இந்தச் சத்தத்தை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மாமனார் தலையணையில் காதை அழுத்திப் படுக்கும்போதெல்லாம் மெஷின் இப்படித்தான் கத்தும்.

கத்தரிக்கோலை எடுத்து ரோஜாப்பூ உறையைக் கிழித்தாள். உள்ளே புதுப் பஞ்சு இல்லை. நீலக் கோடு போட்ட பழைய துணி இருந்தது. தலைமாட்டில் தையல் பிரிந்த இடத்தில் விரலை விட்டாள். சின்னதாக, வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. மகள் பார்ப்பதற்குள் வெளியே எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

கனிஷ்கா அந்த நீலக் கோட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கட்டிலை விட்டு இறங்கினாள்.

“அம்மா, இதுல யாரு படுத்திருந்தாங்க?”

வெள்ளைச்சாமி கேட்டபோது சட்டென்று வந்த பொய், இப்போது வரவில்லை.

பானுமதி கையை இன்னும் இறுக்கி மூடினாள். மூட மூட, விசில் சத்தம் கூடிக்கொண்டே போனது.