இருபத்தொன்பதாவது பெயர்

“விஜயஸ்ரீ.”

வருகைப் பதிவேட்டில் இருபத்தொன்பதாவது பெயர். கூப்பிட்டதும் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில், “உள்ளேன் டீச்சர்” என்றது. சித்ரலேகா டீச்சர் தலை நிமிராமல் ஒரு கோடு போட்டுவிட்டு முப்பதாவது பெயருக்குப் போனாள்.

வாசலில் நின்ற குருபிரசாத்துக்குச் சுருக்கென்றது. மற்ற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து நின்றது. இந்தப் பெயருக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

அது தொண்ணூற்றேழு மார்ச். நாங்குநேரி வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர் தருவதாக ஓர் அறக்கட்டளை சொல்லியிருந்தது. சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். அதை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தில் என்ன செய்யப்போகிறோம் என்று தலைமையாசிரியர் திட்டம் எழுதித் தர வேண்டும். தலைமையாசிரியர்களுக்குக் கம்ப்யூட்டரை டி.வி.யிலிருந்து பிரித்துச் சொல்வதே பெரும்பாடாக இருந்த காலம். அதனால் உதவிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து, கம்ப்யூட்டர் தெரிந்த குருபிரசாத்தை அறக்கட்டளையே அனுப்பியது.

களக்காட்டை அடுத்த இந்த அரசு நிதியுதவி பெறும் பள்ளியின் தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் மட்டும் விதிவிலக்கு. இரண்டு மாதம் அவனோடு உட்கார்ந்து வரி வரியாக எழுதினார். “வாழைக்காட்டு வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக தம்பி. டவுன் பிள்ளைக தொடுததை இதுகளும் தொடணும்” என்பார். இன்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

இடையில்தான் இந்த வம்பு. சோதனைக்காக ஐந்தாம் வகுப்புப் பட்டியலைப் பாளையங்கோட்டையில் அடித்துப் பார்த்தபோது, கம்ப்யூட்டர் நாற்பத்தொரு பெயர் என்றது. பதிவேட்டின் அடியிலோ, கடந்த நான்கு மாதமும் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு மேலே நாற்பது என்று இருந்தது. எந்தப் பெயர் கூடுதல் என்று பார்க்கத்தான் இன்று வகுப்பு வாசலில் போய் நின்றான்.

குருபிரசாத் கெட்டவன் இல்லை. கணக்கு நேராக இருக்க வேண்டும் என்று நினைப்பவன், அவ்வளவுதான். தலைமையாசிரியர் அறையில் அவரையும் டீச்சரையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

“கூட்டல்லயே கோட்டை விட்டிருக்கீங்களே சார். பேரு நாப்பத்தொண்ணு, கூட்டுனது நாப்பது.”

“பைய பேசுங்க தம்பி. பிள்ளைகளுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அதுகளைத்தான் நல்லாப் பொய் சொல்லப் பழக்கியிருக்கீங்களே! பிள்ளைக தலை குறைஞ்சா டீச்சர் வேலை போயிரும்னு இல்லாத பிள்ளைய எழுதி வைக்கது நான் பாக்காததா?”

“நான் சொல்லிக் குடுக்கல சார்,” என்றாள் சித்ரலேகா. “அதுகளாத்தான் சொல்லுதுக.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளே என்று அவனுக்கு எரிச்சல் மூண்டது. 

திருஞானசம்பந்தம் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டார். “அந்த ஒரு பேரை மட்டும் அப்படியே விட்டிருங்க. திட்டத்துல வேற எதை வேணும்னாலும் அடிங்க, நான் கேக்கல.”

“பதிவேடு சரியா இருக்கணுங்கதுதான் சார் முதல் வருசத் திட்டமே. நீங்க எழுதினது. இதை நான் மேல சொன்னா நாலு கம்ப்யூட்டரும் திசையன்விளைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரும், தெரியும்லா?”

இரண்டு மாத உழைப்பு மேஜைமேல் கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்தார்.

“அடிச்சிருங்க சார்,” என்றாள் அவள். “பிள்ளைகளுக்கு வரவேண்டியது என்னால போகக் கூடாது.”

கம்ப்யூட்டரில் அச்சடித்து வந்த, ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தை விரித்து, குருபிரசாத் சிவப்புப் பேனாவைத் திறந்தான். “பேரை மட்டும் அடிச்சா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாது. நின்ன தேதி வேணும், காரணம் வேணும். தேதி சொல்லுங்க.”

“நவம்பர் பன்னெண்டு.” பதிவேட்டைப் புரட்டாமலே சொன்னாள்.

“காரணம்? இதுல அஞ்சு இருக்கு. ஒண்ணு, ஊர் மாறிப் போனது. ரெண்டு, வேற பள்ளிக்கூடம். மூணு, வேலைக்கு அனுப்பினது...”

சொல்லிக்கொண்டே காகிதத்தை அவள் பக்கம் திருப்பினான். அவள் ஐந்தாவதில் விரலை வைத்தாள். இறப்பு என்று அச்சாகியிருந்தது.

அவனிடம் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது.

“செத்துப்போன பிள்ளையவா? ச்சே! நாலு மாசமா, தினம் ஒரு தடவை... ஒரு வேலைக்காகவா டீச்சர்?”

“தம்பி, போதும்.” திருஞானசம்பந்தம் எழுந்துவிட்டார்.

“என்ன சார் போதும்? அந்தப் பிள்ளையப் பெத்தவ ஒரு நாள் இந்த வாசல்ல வந்து நின்னு, எம் மக பேரை எதுக்குக் கூப்பிடுதீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

பக்கத்து அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்ரலேகா அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, இருபத்தொன்பதாவது பெயரின்மேல் தானே கோடு இழுத்தாள். கோடு வளையவில்லை. பேனாவை மூடி அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பெத்தவ நான்தான் சார்.”